இராயப்பருக்கு இன்று பிறந்தநாளா? திருத்தூதர் விழாக்கள் பற்றி முதலிலிருந்து

சேலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், அதாவது எங்கள் பங்கில், ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள், ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் கோயில் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், இருபத்தொம்பதாம் தேதி இராயப்பர் சின்னப்பர் திருநாள்னு போட்டிருக்கே, அன்னிக்கு ரெண்டு பேருக்கும் பொறந்த நாளா?" இராயப்பர் என்றால் பேதுரு, சின்னப்பர் என்றால் பவுல், இருவரும் இயேசுவின் திருத்தூதர்கள். இல்லப்பா, அவங்க உயிரைக் கொடுத்ததை நினைக்கிற நாள் என்றேன். "செத்த நாளை எதுக்கு சார் கொண்டாடணும்? எங்க வீட்ல தாத்தா செத்த நாளுக்கு அம்மாயி அழுவாங்களே" என்றான். அன்றைக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் அவனுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்தப் பையனின் கேள்வியிலேயே விஷயத்தின் வேர் இருக்கிறது. கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்தில் ஒருவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டால், அவர் இறந்த நாளைத்தான் அவருடைய 'பிறந்தநாள்' என்று சொன்னார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டில் எரித்துக் கொல்லப்பட்டபோது, அந்த ஊர்ச் சபையார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அவருடைய எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வைத்தோம், ஆண்டுதோறும் அங்கே கூடி அவர் சாட்சியாக இறந்த நாளை அவரது பிறந்தநாளாக மகிழ்ச்சியோடு கொண்டாடுவோம் என்பது அந்தக் கடிதத்தில் வரும் செய்தி. கடவுளிடம் போய்ச் சேர்ந்த நாள்தான் உண்மையில் பிறந்த நாள் என்பது அவர்களுடைய கணக்கு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. சித்திரைச் சதயத்தில் அப்பருக்கும் ஆடிச் சுவாதியில் சுந்தரருக்கும் சிவன் கோயில்களில் குருபூசை நடக்கிறதே, அதுவும் அவர்கள் இறைவனோடு கலந்த நாள்தான், பிறந்த நாள் இல்லை. சைவர்கள் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், திருச்சபை தேதியைப் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கத்தோலிக்க நாள்காட்டியில் மண்ணில் பிறந்த நாளையே விழாவாக வைத்திருப்பது மூன்று பேருக்குத்தான்: இயேசு, மரியா, திருமுழுக்கு யோவான்.

சரி, திருத்தூதர் என்றால் யார்? கிரேக்கத்தில் 'அப்போஸ்தொலோஸ்' என்றால் அனுப்பப்பட்டவர். சீர்திருத்தச் சபையார் (புரோட்டஸ்டன்டுகள்) அந்தச் சொல்லையே எடுத்து அப்போஸ்தலர் என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் இப்போது திருத்தூதர் என்கிறார்கள். எனக்கு இந்தத் 'தூதர்' மிகவும் பிடிக்கும். தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நமக்குத் தெரியும், அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி, 1965 வரைக்கும் அது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஔவை தன் புத்தியால்தான் பேசினாள், ஆனால் பேசியது தனக்காக இல்லை, அனுப்பியவனுக்காக. திருத்தூதரும் அப்படித்தான், ஆளைவிட அவர் கொண்டுவரும் சேதிதான் பெரிது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த விழாக்களில் பாதி புரிந்துவிடும்.

இயேசு தேர்ந்தெடுத்த திருத்தூதர்கள் பன்னிரண்டு பேர் என்று எல்லோரும் சொல்வோம், எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் குழப்பம் வரும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு இஸ்காரியோத்து போய்விட்டதால் பதினொருவர், அந்த இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த தகுதியை பைபிளில் திருத்தூதர் பணிகள் என்ற நூலின் முதல் அதிகாரத்தில் பாருங்கள்: ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்திருக்க வேண்டும், இயேசு உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சியாக வேண்டும். படிப்பு, குலம், பேச்சுத் திறமை எதையும் கேட்கவில்லை. பவுல் இந்தப் பன்னிருவரில் இல்லை, ஆனாலும் தன்னைத் திருத்தூதர் என்றே சொல்லிக்கொண்டார், திருச்சபையும் ஏற்றுக்கொண்டது. பவுலோடு சேர்ந்து பணி செய்த பர்னபாவும் அப்படியே.

பெயர்களிலும் புதியவர்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் நம் ஊரில் ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர். பேதுரு என்று பைபிளில் படிப்பவர் எங்கள் அம்மாயிக்கு எப்போதும் இராயப்பர். பவுல் சின்னப்பர், ஏனென்றால் லத்தீனில் அந்தப் பெயருக்கே 'சிறியவர்' என்று பொருள். கடவுள் அருள்கூர்ந்தார் என்ற பொருள் உள்ள யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். அந்திரேயா என்ற கிரேக்கப் பெயரில் ஆண்மை, வீரம் என்ற பொருள் இருப்பதால் அவர் பெலவேந்திரர். பெரிய யாக்கோபு, 'சந்தியாகோ' என்ற பெயர் வழியாகச் சந்தியாகப்பர். வெளிநாட்டுப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டுப் போகாமல் உள்ளே இருந்த பொருளைத் தோண்டி எடுத்துத் தமிழில் பெயர் வைத்த அந்தப் பழைய ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. உங்கள் தெருவிலும் ஒரு சின்னப்பனோ அருளப்பனோ இருப்பார், அவருக்கே தன் பெயரின் பொருள் தெரியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இனி நாள்காட்டிக்கு வருவோம். திருவழிபாட்டு ஆண்டில் இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று சுற்றுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலங்களின் சக்கரம்: கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்பு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், ஈஸ்டரில் தொடங்கும் பாஸ்கா, நடுவிலும் கடைசியிலும் பொதுக்காலம். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறும் வரலாம் என்பதால் இந்தச் சக்கரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். இன்னொன்று புனிதர்களின் சக்கரம், அது தேதியில் ஆணி அடித்தது மாதிரி நிற்கும். ஜூன் 29 என்றால் ஜூன் 29தான். இரண்டும் மோதிக்கொள்ளும் நாளில் எது முந்தும் என்பதற்குத்தான் பெருவிழா, விழா, நினைவு என்று படிகள். திருத்தூதர்களின் நாள்கள் பெரும்பாலும் நடுப்படியான 'விழா'. பேதுரு பவுல் நாள் 'பெருவிழா', இந்தியாவில் தோமையார் நாளும் பெருவிழா. பர்னபாவுக்கு 'நினைவு'.

எடுத்துக்காட்டுக்கு 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜூன் 29, ஆகஸ்டு 24, செப்டம்பர் 21, நவம்பர் 30 நான்குமே ஞாயிற்றுக்கிழமை. பேதுரு பவுலுடையது பெருவிழா என்பதால் பொதுக்கால ஞாயிறு வழிவிட்டது. ஆனால் ஆகஸ்டில் பர்த்தலமேயுவும் செப்டம்பரில் மத்தேயுவும் ஞாயிறுக்கு வழிவிட்டார்கள், அந்திரேயாவின் நாளோ திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகவே அமைந்ததால் அதுவும் வழக்கமான முறையில் கொண்டாடப்படவில்லை. 2026ல் மூவரும் திங்கட்கிழமைகளில் திரும்பி வருகிறார்கள், ஆனால் மே 3 ஞாயிறாகிவிட்டதால் பிலிப்பும் யாக்கோபும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதைப் பார்த்து, என்ன இது, திருத்தூதரையே தள்ளிவிட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம். ஞாயிறு என்பது இயேசு உயிர்த்தெழுந்த நாள், அதற்குச் சாட்சி சொல்லத்தான் இவர்கள் அனுப்பப்பட்டார்கள், அந்த நாளுக்கு முன்னால் இவர்கள் ஒதுங்கி நிற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வார நாளில் வரும் திருத்தூதர் விழாவை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? முதலில் நிறம். திருத்தூதர் நாளுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் கோயிலில் சாமியாருக்கு உதவும் உபதேசியார் பீடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கும் மர அலமாரியைத் திறப்பார், அந்துருண்டை வாசனை குப்பென்று வரும். பொதுக்காலத்துப் பச்சை உடையை மடித்து உள்ளே வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக் கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்துத் தொங்கவிடுவார். முதுகுப் பக்கம் ஜரிகைச் சிலுவை போட்டது, ஓரத்தில் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது, பல வருடமாக அப்படியே இருக்கிறது. சிவப்பு என்றால் இரத்தம், சாட்சியாக இறந்தவர் என்று அர்த்தம். டிசம்பர் 27ல் அருளப்பருக்கு வெள்ளை எடுப்பார், ஏனென்றால் அவர் கொல்லப்படாமல் முதிர்ந்த வயதில் இறந்தார் என்பது மரபு. இரண்டாவது அடையாளம், அன்று வார நாளாக இருந்தாலும், பொதுவாக ஞாயிறுகளில் பாடும் புகழ்ப் பாட்டான வானவர் கீதம் உண்டு. சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆறு மணிப் பூசைக்குத் தூக்கக் கலக்கத்தோடு போனவர், திடீரென்று வானவர் கீதம் தொடங்கினால் தலை நிமிர்ந்து பார்ப்பார். நான் அப்படித்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இப்போது ஆண்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். எல்லோரையும் ஒரே அளவில் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 30 அந்திரேயா. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறைப் பாருங்கள், அதுதான். ஆகவே திருவழிபாட்டு ஆண்டுக்கு வாசலில் நிற்பவர் இவர்தான் என்று சொல்லலாம். அவருடைய வேலையும் அதுதான், யோவான் நற்செய்தியில் முதலில் இயேசுவைக் கண்டுகொண்டு போய்த் தன் தம்பியோ அண்ணனோ, எப்படியோ உடன்பிறந்த சீமோனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் அவர். அந்தச் சீமோன்தான் பேதுரு. அந்தச் சமயத்தில் சேர்வராயன் மலைக்குப் போனால் காப்பிப் பழம் செடியிலேயே சிவந்து நிற்கும், உடையின் சிவப்பும் அதுவும் ஒன்றாக இருக்கும்.

ஜனவரி 25 பவுல் மனம் மாறிய நாள். நாள்காட்டியில் மனமாற்றம் ஒன்றுக்கே விழா எடுத்திருப்பது இவருக்கு மட்டும்தான். பிப்ரவரி 22 பேதுருவின் தலைமைப் பொறுப்பை நினைக்கும் தலைமைப்பீட விழா.

மே 3ல் பிலிப்பும் சின்ன யாக்கோபும் ஒரே நாளில் வருவார்கள், ஏற்காடு மலைப்பாதையில் கோடை விடுமுறைக் கார்கள் வரிசை கட்டி நிற்கிற நேரம். இவர்கள் இருவரும் ஏன் சேர்ந்தே வருகிறார்கள் என்று கேட்டால், காரணம் அவர்கள் வாழ்க்கையில் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் ரோமில் இவர்கள் பெயரில் ஒரு கோயிலை நேர்ந்தளித்தார்கள், அது மே 1ல் நடந்தது, அந்தக் கோயில் நாளே இருவருக்கும் விழாவாகிவிட்டது. அப்புறம் 1955ல் மே 1ஐத் தொழிலாளரான சூசையப்பருக்குக் கொடுத்ததால் இவர்கள் மே 11க்கு நகர்ந்தார்கள், 1969ல் நாள்காட்டியைத் திருத்தியபோது மே 3க்கு வந்தார்கள். பழைய பூசைப் புத்தகத்தில் வேறு தேதி பார்த்தால் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மத்தியாவும் அப்படித்தான், பிப்ரவரி 24ல் இருந்து மே 14க்கு வந்துவிட்டார், தவக்காலத்துக்குள் மாட்டிக்கொள்ளாமல் பாஸ்கா காலத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்று.

ஜூன் 29ல் நிதானமாக நின்று பேச வேண்டும். நாள்காட்டியின் மிகப் பழைய நாள்களில் இதுவும் ஒன்று, ரோமில் 258ஆம் ஆண்டிலேயே இந்தத் தேதியில் இருவரையும் நினைவுகூர்ந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. இருவரும் நீரோ மன்னன் காலத்தில் ரோமில் கொல்லப்பட்டார்கள் என்பது மரபு. ஒரே நாளில்தான் இறந்தார்களா என்ற கேள்விக்கு, வெவ்வேறு நாளில் இறந்திருந்தாலும் அவர்கள் ஒன்றாகவே இருந்தார்கள் என்று புனித அகுஸ்தினார் தம் மறையுரையில் சொல்கிறார். ஆனால் என்னை நிறுத்தி வைப்பது வேறு. இந்த இருவரும் ஒத்துப் போனவர்கள் இல்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து தனியாகப் போய்விட்டார், அதை எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தேன் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டை! தனிப்பந்தி என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மீன் பிடித்தவர், மற்றவர் படித்தவர், இருவரும் மோதியவர்கள், அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு நாள் கொடுத்திருக்கலாம், திருச்சபை ஒரே நாளில் ஒரே பீடத்தில் நிறுத்தியிருக்கிறது. எங்கள் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தால் நான் இந்த நாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஜூலை 22 மகதலா மரியா. பன்னிருவரில் இல்லை, ஆனால் உயிர்த்த இயேசுவைக் கண்டு அந்தத் திருத்தூதர்களுக்கே போய்ச் சொன்னவள், அதனால் திருத்தூதர்களுக்குத் திருத்தூதர் என்று பழங்காலத்திலிருந்தே பெயர். 2016ல் போப் பிரான்சிஸ் அவள் நாளை 'நினைவு' என்ற படியிலிருந்து 'விழா' ஆக உயர்த்தினார், அதாவது மற்றத் திருத்தூதர்களுக்குச் சமமான படி. இது நடக்க இத்தனை காலம் ஆகியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மூன்று நாள் கழித்து ஜூலை 25, சந்தியாகப்பர். பன்னிருவரில் கொல்லப்பட்டது புதிய ஏற்பாட்டிலேயே பதிவாகியிருப்பது, யூதாசின் சாவை விட்டுவிட்டால், இவருக்கு மட்டும்தான், ஏரோது மன்னன் வாளால் கொன்றான் என்று ஒரே வரி. ஆகஸ்டு 24 பர்த்தலமேயு. செப்டம்பர் 21 மத்தேயு, சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரை இயேசு கூப்பிட்டார் என்று படிக்கும்போது நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியை நினைத்துக்கொண்டாலும் தவறில்லை, வழியில் போகிறவர்களிடம் காசு வாங்கி எல்லோரிடமும் திட்டு வாங்குகிற இடம்தான் அதுவும். அக்டோபர் 28 சீமோனும் யூதா ததேயுவும். அவ்வளவுதான், சுற்று முடிந்து மறுபடியும் அந்திரேயா.

கோயிலில் சிலைகளோ கண்ணாடி ஓவியங்களோ இருந்தால் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். சாவி பேதுரு, வாள் பவுல், பெருக்கல் குறி மாதிரிச் சிலுவை அந்திரேயா, கத்தி பர்த்தலமேயு, ஈட்டி தோமையார், ரம்பம் சீமோன், சிப்பி சந்தியாகப்பர். பெரும்பாலும் அவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் ஆயுதமே அவர்கள் கையில் அடையாளமாக வந்திருக்கிறது.

சீர்திருத்தச் சபைகளில் இதெல்லாம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு, சபைக்குச் சபை அழுத்தம் மாறும். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்திலேயே திருத்தூதர் ஒவ்வொருவருக்கும் நாளும் தனி ஜெபமும் இருக்கிறது. லூத்தரன் சபையும் புனிதர்களை நினைவுகூர்ந்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது, அவர்களிடம் வேண்டிக்கொள்வதைத்தான் ஏற்பதில்லை. சேலத்தில் சீர்திருத்தச் சபையை வளர்த்தது லண்டன் மிஷன், அந்த மரபில் புனிதர் நாள்களுக்குப் பெரிய இடம் கிடையாது. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் மரபும் அதற்குள் வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் சிஎஸ்ஐ நண்பருக்கு இந்த நாள்கள் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

தோமையாரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கி.பி. 52ல் கேரளக் கரைக்கு வந்து, 72ல் சென்னைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டு, மயிலாப்பூரில் இன்று சாந்தோம் பேராலயம் இருக்கும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது தலைமுறை தலைமுறையாக நம்மிடம் வந்திருக்கும் மரபு. இவருடைய நாள் லத்தீன் மரபில் டிசம்பர் 21ஆக இருந்தது, 1969ல் ஜூலை 3க்கு மாறியது. அது அவர் இறந்த நாள் இல்லை, அவருடைய எலும்புகள் எதேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதை நினைத்துச் சிரியத் திருச்சபைகள் நெடுங்காலமாகக் கொண்டாடி வந்த நாள். நான் ஆரம்பத்தில் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு, அந்தப் பையனுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஜூலை 3ல் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் இருந்தேன். கீழே சேலத்தில் புழுக்கம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. காலைப் பூசைக்குப் பதினான்கு பேர் இருந்திருப்போம், எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள்தான் அதிகம், தலையில் மப்ளர், தோளில் கம்பளி, வாசலோரம் சாத்திய குடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து ஒரு ஓடை மாதிரிப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தே வைத்திருந்ததால் பனி உள்ளேயே வந்துவிட்டது, பீடத்தில் சாமியாருடைய சிவப்பு உடை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வாசகம் தெரிந்ததுதான்: ஆணித் தழும்பில் விரல் இட்டுப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டேன் என்று தோமா சொன்னது, இயேசு வந்து தழும்பைக் காட்டியது, நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள் என்று அவர் சொன்னது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா குடையை உதறிக்கொண்டே கேட்டார்: "ஏந் தம்பி, எட்டு நாள் கழிச்சுத்தான சாமி மறுபடியும் வந்தாரு?" ஆமாம்மா என்றேன். "அந்த எட்டு நாளும் இவரு நம்பல. மத்தவங்க பார்த்துட்டோம்னு சொல்றாங்க, இவரு ஒத்துக்கல. ஆனா அவங்க இவர வெளிய போன்னு சொல்லலியே. கூடவே வெச்சிருந்தாங்க பாரு." நான் வாயடைத்து நின்றேன். எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய பகுதி. தோமாவின் சந்தேகத்தையும் அறிக்கையையும் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன், நடுவில் இருந்த அந்த எட்டு நாளை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டில் பைபிளை எடுத்து யோவான் 20ல் 26ஆம் வசனத்தைப் பார்த்தேன், எட்டு நாளைக்குப் பின் சீடர்கள் மறுபடியும் வீட்டுக்குள் கூடியிருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தார் என்று அப்படியே இருக்கிறது.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லா நாளையும் ஒரே ஆண்டில் பிடித்துவிட முயல வேண்டாம். கோயில் காலண்டரில் சிவப்பு உடை வரும் திருத்தூதர் நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தப் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. முந்தின ராத்திரி அவர் வரும் பகுதியைப் பைபிளில் வீட்டில் எல்லோரும் கேட்க ஒருவர் சத்தமாகப் படியுங்கள், சீமோனுக்கும் ததேயுவுக்கும் அது நாலைந்து வரிக்கு மேல் வராது, பரவாயில்லை. காலையில் முடிந்தால் பூசைக்குப் போங்கள். அந்தப் பையன் வீட்டில் இந்த ஆண்டு ஜூன் 29க்கு அவன் அம்மாயி கேசரி கிண்டப் போவதாகச் சொன்னான்.